நகரத்துக்கு மின்சாரம்: விற்க வருபவை எவ்வளவு தேறும்?

மின்விநியோகத்தைச் சொந்தமாக நடத்தும் நகரத்தில் பழைய கொள்முதல் ஒப்பந்தம் முடிய இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே விற்பவர்கள் வரிசையில் வந்துவிடுவார்கள். சோலார் ஒப்பந்தம், பேட்டரி, எரிவாயுவில் மின்சாரம் எடுக்கும் கேஸ் இன்ஜின், சந்தைக் கொள்முதல் என்று சரக்கு பலவகை. யார் கொண்டுவரும் காகிதத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது யூனிட் விலைதான். அதை வைத்து மதிப்பிட ஆரம்பித்தால் கணக்கு முதல் வரியிலேயே தப்பிவிடும். எந்த மணி நேரத்து யூனிட் என்பதுதான் கேள்வி.

ஆகவே எதையும் பார்க்கும் முன் நகரத்தின் மணிவாரி லோடு கணக்கு, அதாவது ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு மின்சாரம் தேவை என்ற கணக்கு, கையில் இருக்க வேண்டும். வருடத்துக்கு 8,760 எண்கள். மாத மொத்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் சோலார். சராசரி 60 மெகாவாட், மாலை 7 மணிக்கு உச்சம் 100 மெகாவாட், நண்பகலில் 55 என்று ஓடும் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 100 மெகாவாட் சோலார் வாங்கினால், 20 சதவீதப் பயன்பாட்டு விகிதத்தில் (வருடம் முழுக்க முழுத் திறனில் ஓடினால் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு) வருடத்துக்குச் சுமார் 17.5 கோடி யூனிட் வரும். தேவை 52.5 கோடி, மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று, நல்ல பேரம் என்று தோன்றும். மணிவாரியாகப் பாருங்கள்: நண்பகலில் 80 மெகாவாட் வருகிறது, 25 மிஞ்சுகிறது. பக்கத்து ஊர் சோலாரும் அதே நேரத்தில் மிஞ்சுவதால் அதை விற்றால் அடிமாட்டு விலைதான். மாலை 7 மணிக்கு வருவது பூஜ்யம். உச்சத்தில் ஒரு மெகாவாட்கூட குறையவில்லை.

டெக்சாஸின் ஜார்ஜ்டவுன் நகரம் இதை அனுபவித்திருக்கிறது. காற்றாலை, சோலார் இரண்டுக்கும் நீண்டகால ஒப்பந்தம் போட்டு, தேவைக்கு மேல் வருவதைச் சந்தையில் விற்கலாம் என்று கணக்குப் போட்டது. சந்தை விலை சரிந்தது. 2018-இல் மட்டும் கிட்டத்தட்ட 70 லட்சம் டாலர் கைவிட்டுப் போனது. இதில் சோலாரையோ காற்றையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய அளவுதான் பிழை.

ஒப்பந்தத்தில் மூன்று வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் எந்த இடத்தில் கைமாறுகிறது? ஆலை வாசலில் என்றால், வழியில் லைன் நெரிசலால் வரும் விலை வித்தியாசம் முழுவதும் நகரத்தின் தலையில். கிரிட்டை (மின்கட்டமைப்பை) நடத்துபவர் சொல்லி உற்பத்தியை நிறுத்தினால் அந்த யூனிட்டுக்கும் பணம் உண்டா? மூன்றாவது, தகடுகளின் தேய்மானம். வருடத்துக்கு அரை சதவீதம் சாதாரணம். 25-ஆம் வருடத்தில் முதல் வருட உற்பத்தியில் 88 சதவீதம் வந்தால் சரி. அதற்கும் கீழே போனால் அபராதம் என்று எழுதியிருக்கிறதா?

பேட்டரி அந்த மாலை நேர ஓட்டையை ஓரளவு அடைக்கும். மேலே மிஞ்சிய 25 மெகாவாட்டை 5 மணி நேரம் ஏற்றினால் 125 மெகாவாட் மணி (ஒரு மெகாவாட் மணி என்பது 1,000 யூனிட்). ஏற்றி இறக்குவதில் 13 சதவீதம் கழிந்து, மாலையில் 4 மணி நேரத்துக்கு 27 மெகாவாட் கிடைக்கும். உபயோகம்தான். ஆனால் கொள்ளளவு வருடா வருடம் குறையும், முதல் சில வருடங்களில் கொஞ்சம் வேகமாகவே. குறைந்ததை ஈடுகட்டப் புது செல் சேர்ப்பது யார் செலவு என்று எழுதாத டெண்டரைத் திருப்பி அனுப்புங்கள். மூன்று நாள் மேகமூட்டத்துக்கு 4 மணி நேர பேட்டரி பதில் சொல்லாது.

அந்த மூன்று நாளுக்குத்தான் கேஸ் இன்ஜின். சில நிமிடங்களில் முழு லோடுக்கு வந்துவிடும். ஒரே பெரிய டர்பைனுக்குப் பதில் 10 மெகாவாட் இன்ஜின்களாக வைத்தால், ஒன்று பழுதானாலும் இழப்பு 10-தான். எரிபொருள் விலை ஏறினால் அப்படியே நகரத்தின் பில்லில் ஏறும். வருடத்தில் சில நூறு மணி நேரம் ஓட்டுவதற்கென்றால் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம்.

சந்தையை மட்டும் நம்புவது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2021 பிப்ரவரி குளிரில் டெக்சாஸ் சந்தை விலை அன்றைய உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில், அதாவது யூனிட்டுக்கு 9 டாலரில், ஏறக்குறைய நான்கு நாள் நின்றது. மொத்தத் தேவையில் பத்து சதவீதம் வரை சந்தையில் விடலாம். அதற்கு மேல் சூதாட்டம்.

விற்பவர் யாரும் கொண்டுவராத சரக்கு ஒன்று உண்டு: குடிநீர் பம்புகள். மேல்நிலைத் தொட்டியில் நான்கைந்து மணி நேரத் தண்ணீர் நிற்குமானால், மாலையில் ஓடும் பம்பை நண்பகலுக்கு மாற்றிவிடலாம். டைமரும் தொட்டியின் நீர்மட்ட சென்சாரும் போதும். 5 மெகாவாட் பம்பு லோடு இப்படி நகர்ந்தால், அவ்வளவுக்கு பேட்டரி குறைவாக வாங்கலாம். தொட்டி சின்னதாக இருந்தால் மட்டும் இது நடக்காது; மாலை 8 மணிக்கே குழாய் வறண்டுவிடும்.

டெண்டர் விடும்போது மாலை 6 முதல் 10 வரைக்கு மட்டும் தனி விலை கேளுங்கள். யூனிட் விலையில் முதலிடத்தில் நின்றவர்களில் சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு விலை போட்டவர்களோடுதான் பேச்சைத் தொடர வேண்டும். போடும் ஒப்பந்தங்களும் ஒரே வருடத்தில் முடியாதபடி தேதிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.