மூன்று வாரச் சம்பளத்தை நிறுத்தி வைத்த வேலை ஏஜென்சி: வாங்கிய கதையும் என் மதிப்பீடும்

மதிப்பெண்: 5-க்கு 1

ஏஜென்சியின் பெயரை எழுதப் போவதில்லை. பணம் வந்துவிட்டது, இனி அவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த 1 எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை வாங்கித் தந்த வேகத்துக்கு. திங்கள்கிழமை பேப்பர் கொடுத்தேன், புதன்கிழமை இரவு ஷிப்டில் ஒரு குடோனில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவசரமாக வேலை தேவைப்பட்ட நேரம், அதனால் அந்த உதவியை மறக்கவில்லை. மொத்தம் 11 வாரம் வேலை செய்தேன். நடுவில் சம்பளம் ஒழுங்காகவே வந்தது, அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சிக்கல் வேலை முடிந்த பிறகுதான். சேரும்போதே முதல் வாரச் சம்பளத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள், ‘எல்லாருக்கும் இப்படித்தான், கடைசியில் சேர்த்துக் கொடுப்போம்’ என்றார்கள். கடைசி இரண்டு வாரச் சம்பளமும் பாக்கி. ஷிப்டுக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், ஆக மூன்று வாரத்துக்கு 126 மணி நேரம், கடைசி இரண்டு வாரத்தில் பார்த்த ஓவர்டைம் 14. மொத்தம் 140 மணி நேரக் கூலி அவர்களிடம் நின்றது. ஒரு மாதம் கழித்து 42 மணி நேரத்துக்கான பணம் மட்டும் வந்தது, அதிலும் சீருடை, பயிற்சி என்று இரண்டு பிடித்தம். பயிற்சி என்பது முதல் நாள் பத்து நிமிடம் தீயணைப்புக் கருவியைக் காட்டியது.

போன் செய்தேன். அக்கவுன்ட்ஸ் ஆள் லீவு என்றார்கள், அடுத்த வாரம் என்றார்கள், அப்புறம் எல்லா ஏஜென்சிக்காரர்களும் சொல்லும் அந்தப் பதில்: ‘கம்பெனி எங்களுக்கு இன்னும் பணம் தரவில்லை, வந்ததும் போட்டுவிடுகிறோம்.’ நானும் நம்பி மூன்று வாரம் காத்திருந்தேன். இப்போது நினைத்தால் அதுதான் நான் வீணாக்கிய காலம்.

இந்தத் தொழில் ஓடும் விதம் தெரிந்தால் அந்தப் பதிலின் அர்த்தம் புரியும். நம்மை வேலை வாங்குவது ஒருவர், சம்பளம் தருவது இன்னொருவர். நாம் பார்த்த மணி நேரத்தை வைத்து ஏஜென்சி கம்பெனிக்கு பில் போடும், கம்பெனி அதைப் பல வாரம் கழித்துக் கட்டும், ஆனால் நமக்கு வாராவாரம் சம்பளம் போக வேண்டும். இந்த இடைவெளியைத் தாங்க ஏஜென்சியிடம் சொந்தமாகக் கைமுதல் இருக்க வேண்டும். இல்லாத ஏஜென்சி என்ன செய்யும்? இன்று வேலையில் இருப்பவனுக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்கு அவன் ஷிப்டுக்கு வர மாட்டான், அதனால் வேலையை விட்டுப் போனவன் பணத்தில் கை வைக்கும். நம்மோடு ஒப்பந்தம் போட்டது ஏஜென்சி என்றால் சம்பளம் தர வேண்டிய கடமையும் அதனுடையது, பில் பணம் வரவில்லை என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

என் கண்ணைத் திறந்தவர் கூட வேலை பார்த்த ஒரு அக்கா. இதற்கு முன் மூன்று ஏஜென்சி பார்த்தவர். “போன்ல பேசினது காத்தோட போயிடும் தம்பி, எழுதிக் கேளு. டைம்ஷீட் வச்சிருக்கியா?” என்றார்.

வைத்திருந்தேன். பார்த்த மணி நேரத்தைக் குறித்து வைக்கும், மூன்று தாள் கொண்ட டைம்ஷீட், வெள்ளை ஏஜென்சிக்கு, மஞ்சள் கம்பெனிக்கு, அடியில் இருக்கும் ரோஸ் தாள் நமக்கு. நிறைய பேர் அந்த ரோஸ் தாளை கேட்டைத் தாண்டியதும் கசக்கிப் போட்டுவிடுவார்கள். நான் நாலாக மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வந்தேன். கார்பன் எழுத்து மங்கி, பல இடத்தில் சூப்பர்வைசர் பேனாவை அழுத்திய தடம்தான் தெரிந்தது. ஜன்னலோரம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தேன். ஒரு வியாழக்கிழமை வரிசையில் 7 என்று இருந்ததை அவர் 9 என்று திருத்தி, பக்கத்திலேயே சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு ஏஜென்சி ‘திருத்தம் இருக்கிறது, அந்த ஓவர்டைம் செல்லாது’ என்று சொன்னபோது அந்தச் சின்னக் கையெழுத்துதான் என்னைக் காப்பாற்றியது.

ஒரு பக்கத்தில் மெயில் எழுதினேன். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், ஒப்பந்தத்தில் உள்ள கூலி, மொத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, 7 நாளில் தர வேண்டும், இல்லாவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் செய்வேன். போட்டோக்களை இணைத்தேன். அதே மெயிலின் நகலை நான் வேலை பார்த்த கம்பெனியின் எச்.ஆருக்கும் போட்டேன், இதுவும் அந்த அக்கா சொன்னதுதான். இரண்டே நாளில் எச்.ஆரிடமிருந்து பதில்: அந்த வாரங்களுக்கான பில்லை ஏஜென்சிக்கு ஏற்கெனவே கட்டிவிட்டோம். அந்த வரியைப் படித்தபோது கை நடுங்கியது. அத்தனை நாளும் என்னிடம் சொன்னது பொய்.

ஏஜென்சி உடனே கூப்பிட்டது. பாதிப் பணம் தருகிறோம், ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி ஏதுமில்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார்கள். போடவில்லை. தயவுசெய்து யாரும் போடாதீர்கள். பணம் முழுதாக வங்கியில் ஏறும் முன்னால் அந்தக் கையெழுத்து போனால் மீதியைக் கேட்பது மிகவும் கஷ்டமாகிவிடும்.

7 நாள் முடிந்தது, லேபர் ஆபீஸுக்குப் போனேன். வக்கீல் வைக்கவில்லை. ஒப்பந்தம், பே ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம், டைம்ஷீட், மெயில், எச்.ஆர் பதில், எல்லாம் தேதி வரிசையில் ஒரு பைலில். அதிகாரி ஐந்து நிமிடத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு இரு தரப்பையும் கூப்பிட ஒரு தேதி போட்டார். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் மாலை 98 மணி நேரக் கூலியும் ஏறிவிட்டது. அத்தனை மாதமாக இல்லாத பணம் ஒரே நாளில் எங்கிருந்து வந்தது என்று இன்னமும் வயிறு எரிகிறது.

பிடித்தத்தை மட்டும் விடவில்லை. பேச்சுவார்த்தையில் அதைக் கேட்டேன். இதற்காகக் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போனேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 95, 1949-இல் வந்தது. சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ அனுமதிக்காத எந்தப் பிடித்தமும் கூடாது என்று 8-ஆவது பிரிவு, வேலை வாங்கித் தந்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது என்று 9-ஆவது பிரிவு, வேலை முடிந்தால் நியாயமான காலத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று 12-ஆவது பிரிவு சொல்கின்றன. உடன்படிக்கையை ஏற்ற நாடுகளைத்தான் இது கட்டுப்படுத்தும். அதிகாரியும் உள்நாட்டுச் சட்டத்தை வைத்துத்தான் பார்ப்பேன் என்றார், சரி, அதிலும் என் ஒப்புதல் கையெழுத்து இல்லாத பிடித்தம் நிற்கவில்லை. சீருடைப் பணமும் பயிற்சிப் பணமும் அடுத்த வாரம் திரும்பி வந்தன.

ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டும். இப்படிப் புகார் கொடுக்கப் பல நாடுகளில் காலக்கெடு உண்டு, சில இடங்களில் சில மாதங்கள்தான். ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று இழுப்பது அந்தக் கெடுவையும் சேர்த்துத் தின்கிறது. மெயில் அனுப்பும் அன்றே உங்கள் ஊர்க் கெடு எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு சேர்ந்தவர்களில் இன்னும் இரண்டு பேருக்கு இதே பாக்கி இருந்தது. ஒருவர் என் மெயிலையே தன் கணக்குக்கு மாற்றி அனுப்பினார், பத்து நாளில் வந்துவிட்டது. இன்னொரு தம்பியிடம் ஒரு ரோஸ் தாள்கூட இல்லை. கேட் பதிவேட்டின் நகல் கேட்டு கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம், எந்தெந்த இரவு அவனும் நானும் ஒரே வரிசையில் நின்றோம் என்று நான் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அவன் பேச்சுவார்த்தைத் தேதி அடுத்த செவ்வாய்க்கிழமை, நானும் கூடப் போகிறேன்.