புது ராணி வந்தாளா? அடுக்குத் தேனீயும் கெலுலுட்டும்

சிங்கப்பூரில் தரைவீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்க்க நினைப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் யோசிப்பார்கள். ஒன்று அடுக்குத் தேனீ, தமிழ்நாட்டில் பெட்டியில் வளர்ப்பார்களே அதே இனம். இன்னொன்று கொடுக்கில்லாத கொசுத் தேனீ, இங்கே கெலுலுட். நான் வைத்திருப்பது அடுக்குத் தேனீ, சாய்வும் அந்தப் பக்கம்தான். கெலுலுட்டை ஜொகூரில் நண்பர் தோட்டத்தில் உடனிருந்து பார்த்த அளவுக்கே பழக்கம்.

அடுக்குத் தேனீ கொட்டும், கெலுலுட் கடிக்க மட்டுமே செய்யும். கெலுலுட் தேன் புளிக்கும், விலையும் கூடுதல். இதெல்லாம் தெரிந்த கதை. எனக்கு முடிவைச் சொன்னது வேறொன்று: பழைய ராணி போனபின் கூட்டம் வளர்க்கும் புது ராணி முட்டையிடுகிறாளா என்று கண்ணால் பார்க்க முடியுமா?

அடுக்குத் தேனீயில் முடியும். அடையின் கீழ் விளிம்பில் தொங்கும் ராணி அறையின் நுனி வட்டமாக அறுபட்டிருந்தால் ராணி வெளியே வந்துவிட்டாள். பக்கவாட்டில் ஓட்டை என்றால் முந்தி வந்தவள் அவளைத் தீர்த்துவிட்டாள். அதன்பின் பெட்டியைத் தொடாதீர்கள். ஒரு வாரம் போல ஆனதும் அவள் ஆண் தேனீக்களைத் தேடிப் பறப்பாள், சில நாளில் முட்டையிடத் தொடங்குவாள். பறப்பது பிற்பகலில், நம் ஊர் இடிமழையும் பெரும்பாலும் அப்போதுதான். நவம்பர், டிசம்பர் மழையில் இன்னும் இழுக்கும். இந்த நேரத்தில் சும்மா சும்மா திறந்தால் கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிடும். இந்த இனத்தின் பெரிய குறை அது.

இரண்டு வாரம் கழித்து, காலை வெயில் முதுகில் விழும்படி நின்று, அடை கட்டிய நடுச் சட்டத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். ராணியைத் தேடவே வேண்டாம். அறையின் அடியில் வெள்ளை நூல் துண்டு போல ஒரு முட்டை நட்டுக்கொண்டு நின்றால் இன்று இட்டது, சாய்ந்திருந்தால் நேற்று, படுத்திருந்தால் முந்தாநாள். ஓர் அறைக்குள் பல முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால், ராணி இல்லை. வேலைக்காரத் தேனீக்களே இடுகின்றன. புது ராணியும் தொடக்கத்தில் இரட்டையாக இடுவதுண்டு, ஆனால் அடியில்தான் இடுவாள். பிறகு மூடிய அறைகளைப் பாருங்கள். புடைத்து, நடுவில் ஊசித்துளையோடு இருப்பவை ஆண் அறைகள். எங்கு பார்த்தாலும் அவைதான் என்றால் ராணி இணை சேரவில்லை.

கெலுலுட்டில் இப்படிப் பார்த்துச் சொல்ல வழியே கிடையாது. வேலைக்காரத் தேனீக்கள் அறையில் உணவை நிரப்பி, ராணி முட்டையிட்டதும் உடனே மூடிவிடுகின்றன. புதிய அறைகள் கருமையாகவும் பழையவை வெளிறியும் இருக்கும். அந்த நிறம்தான் சாட்சி. அதைப் பார்க்கவும் மெழுகு உறையைக் கிழிக்க வேண்டும், மரக்கட்டைக் கூடு என்றால் அதுவும் நடக்காது. வாசலில் மகரந்தம் வருகிறதா என்று பார்த்து ஊகிக்கலாம். கூட்டம் மெலிவது தெரியும்போது காலம் கடந்திருக்கும். சுவரை ஒட்டிச் சிறுபிள்ளைகள் விளையாடும் வீடு என்றால், இவ்வளவுக்கும் பிறகு கெலுலுட்டைத்தான் சொல்வேன்.

அடுக்குத் தேனீ என்றால் இரண்டு பெட்டியாக வையுங்கள். மூன்று வாரமாகியும் முட்டை தென்படாவிட்டால், அடுத்த பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை, தேனீக்களை உதறிவிட்டு, இதில் மாற்றி வையுங்கள். சில நாளில் அதில் ராணி அறை எழும்பினால் ராணி இல்லை, அந்த அறையை அப்படியே வளர விடுங்கள். எழும்பாவிட்டால் அவள் உள்ளேதான் இருக்கிறாள், இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.