ஜிம்னியா, ராங்ளரா, ஹைலக்ஸா? கூட்டமாகப் போகும்போது கணக்கே வேறு

நண்பர்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியோடு காட்டுப்பாதைக்குக் கிளம்பலாம் என்று பேச்சு எடுத்தாலே, எந்த வண்டி உசத்தி என்ற சண்டை ஆரம்பித்துவிடும். அந்தச் சண்டையில் வரும் வாதங்களில் முக்கால்வாசி தனியாகப் போகிறவருக்குப் பொருந்துபவை. சேர்ந்து போகிறோம் என்றால் நான் மூன்றே கேள்விதான் கேட்பேன்: இந்த வண்டி சிக்கினால் மற்றவர்களால் இழுக்க முடியுமா, மற்றவர் சிக்கினால் இதனால் இழுக்க முடியுமா, இது கூட வருவதால் எந்தெந்தப் பாதையை எல்லாரும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கேள்விகளோடு பார்த்தால், சுஸுகி ஜிம்னி, ஜீப் ராங்ளர் ரூபிகான், டொயோட்டா ஹைலக்ஸ் மூன்றும் வழக்கமான வரிசையில் நிற்பதில்லை.

முதலில் ஜிம்னி. 2018இல் வந்த மூன்று கதவு மாடல் ஏறக்குறைய 1,100 கிலோதான். வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்) 2,250 மி.மீ., அகலம் 1,645 மி.மீ. முன் மூக்கு தட்டாமல் ஏறும் கோணம் 37 டிகிரி, வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம் 28, பின்பக்கம் 49. ஏணி வடிவ அடிச்சட்டம், முன்னும் பின்னும் ஒரே துண்டான முழு ஆக்ஸில், மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் தனி லோ ரேஞ்ச் கியர் என்று இந்தச் சின்ன உடம்புக்குள் வேண்டியது எல்லாம் இருக்கிறது. சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது மிகச் சுலபம், நாலு பேர் தள்ளினாலே பல நேரம் நகர்ந்துவிடும். ஆக முதல் கேள்விக்கு இதுதான் முதலிடம். இரண்டாவது கேள்வியில் தடுமாறுகிறது: சாமான் ஏற்றிய மூன்று டன் பிக்கப் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டால், 1,100 கிலோ வண்டியை முன்னால் நிறுத்தி இழுக்கச் சொன்னால் ஜிம்னியின் சக்கரம்தான் மண்ணைத் தோண்டும். மூன்றாவது கேள்வி தண்ணீரில் வரும். நிறுவனம் சொல்லும் நீர் ஆழம் 300 மி.மீ. மட்டுமே. ஹைலக்ஸுக்கு 700, ராங்ளருக்கு 760. மூன்றும் ஒன்றாக ஓடையைக் கடக்க வேண்டுமானால் அந்த ஓடைக்கு அளவுகோல் 300தான், மற்ற இரண்டு எண்களையும் மறந்துவிடலாம்.

இன்னொன்று, வாங்குகிற நேரத்தில் யாரும் யோசிக்காதது. அகலமான வண்டிகள் முன்னால் போய் ஈர மண்ணில் ஆழமான தடம் போட்டுவிட்டால், குறுகலான ஜிம்னிக்கு அந்தத் தடத்தில் இரண்டு சக்கரமும் உட்காராது. ஒரு பக்கம் பள்ளத்தில், மறுபக்கம் நடுமேட்டில் என்று சாய்ந்தபடியே வரவேண்டும். (லேண்ட் க்ரூஸர் 79 பிக்கப்பின் கதை இன்னும் வேடிக்கை. முன்சக்கரங்களைவிடப் பின்சக்கரங்களின் இடைவெளி கிட்டத்தட்ட 95 மி.மீ. குறைவு, அதனால் அதன் பின்சக்கரம் சொந்த முன்சக்கரம் போட்ட தடத்திலேயே சரியாக ஓடாது. மணலில் நன்றாகத் தெரியும்.)

ராங்ளர் ரூபிகான் பாறைக்கென்றே வந்த வண்டி. பெயரே கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் இருக்கும் ரூபிகான் டிரெயிலில் இருந்து வந்ததுதான். இரண்டு ஆக்ஸிலிலும் லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டுவது), வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் முன் ஸ்டெபிலைசர் பாரை பட்டன் அழுத்திக் கழற்றிவிடும் வசதி, 33 அங்குல டயர், லோ ரேஞ்ச் 4:1. ஜிம்னியின் லோ ரேஞ்ச் சுமார் 2:1, ஹைலக்ஸுக்கு இரண்டரைக்குச் சற்று மேல். அந்த 4:1 என்ன செய்யும் என்றால், பாறைப்படியில் நத்தை வேகத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை போய்விடும். நான்கு கதவு மாடலில் மட்டும் ஒரு சங்கடம். வீல்பேஸ் 3 மீட்டரைத் தாண்டிவிடுவதால் வயிற்றுக் கோணம் 23 டிகிரிக்குள் சுருங்கிவிடுகிறது, ஜிம்னி தட்டாமல் தாண்டும் கூரான மேட்டில் இது வயிற்றைத் தேய்த்துவிட்டுத்தான் போகும். ஆனாலும் மூன்றில் திறமையானது இதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குழுவில் இதனால் வரும் தொல்லையும் அந்தத் திறமையில் இருந்தே வருகிறது. ராங்ளர்காரர் முன்னால் போனால் வண்டி ஏறுகிற வழியெல்லாம் ஏறிவிடுவார், பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதே இடத்தில் மாட்டுவார்கள், அவரே திரும்பி இறங்கி வந்து வின்ச்சை (கயிற்றை டிரம்மில் சுற்றி இழுக்கும் மோட்டார்) அவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஹைலக்ஸ் மாதிரியான டபுள் கேப் பிக்கப்களை (ஃபோர்டு ரேஞ்சர், இசுஸு டி-மேக்ஸ் எல்லாம் இதே சாதிதான்) காட்டுப்பாதையில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. வீல்பேஸ் 3,085 மி.மீ., பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் தொட்டி, ஏறும் கோணம் 29, இறங்கும் கோணம் 26 அளவில். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின் பம்பர் மண்ணை வாரிக்கொண்டுதான் வரும். முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் பெரிய பள்ளத்தில் ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கிவிடும். அதே சஸ்பென்ஷன்தான் வரிவரியாக அலை விழுந்த மண்சாலையில் வேகமாகப் போகும்போது உதவுகிறது, ஜிம்னி அங்கே குதித்துக் குதித்துப் பின்தங்கும். குழுவில் பிக்கப்பை ஏன் மதிக்கிறேன் என்றால், ஏறக்குறைய ஒரு டன் சுமக்கும், எடை இருப்பதால் அசையாமல் நின்று இழுக்கும், 80 லிட்டர் டாங்க் இருக்கும். கம்ப்ரசர், ஜாக்கி, கூடுதல் தண்ணீர், கயிறுகள், உடைந்துபோன யாரோ ஒருவரின் உதிரிபாகம் எல்லாம் கடைசியில் இதன் தொட்டியில்தான் வந்து சேரும். தனியாகப் போவதென்றால் பாறைக்கு இதை எடுக்க மாட்டேன். குழுவிலோ, பிக்கப் ஒன்றுகூட இல்லையென்றால் யோசிப்பேன்.

சரி, எல்லாரும் ஒரே வண்டியாக வைத்துக்கொண்டால்? இந்தக் கேள்விக்குப் பலரும் நினைப்பதைவிட அதிக எடை இருக்கிறது. ஒரே மாடல் என்றால் ஸ்டெப்னி பொது, ஃபேன் பெல்ட் பொது, எண்ணெய் பொது, ஒருவர் ஏறிய வழியில் மற்றவரும் ஏறலாம் என்ற நம்பிக்கையும் பொது. கலவையாகப் போனால் இது எதுவும் கிடைக்காது. ஜிம்னியின் வீல் ஐந்து போல்ட், அந்த போல்ட்கள் அமரும் வட்டம் 139.7 மி.மீ. ராங்ளரும் ஐந்து போல்ட்தான், ஆனால் வட்டம் 127. ஹைலக்ஸுக்கு ஆறு போல்ட். ஹைலக்ஸும் ரேஞ்சரும் ஆறு போல்ட், அதே 139.7 வட்டம் என்பதால் மாற்றிப் போடலாம் என்று தோன்றும். ஹைலக்ஸ் வீலின் நடுத்துளை 106.1 மி.மீ., ரேஞ்சருடையது 93.1, ஆகவே ரேஞ்சரின் வீல் ஹைலக்ஸின் ஹப்பில் உட்காரவே உட்காராது. எரிபொருளும் இப்படித்தான். ஜிம்னி பெட்ரோல், டாங்க் வெறும் 40 லிட்டர். ஹைலக்ஸ் பெரும்பாலும் டீசல். இரண்டு நிறத்தில் கேன் வைத்து, இருட்டில் மாற்றி ஊற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலவையில் இருக்கும் உண்மையான ஆபத்து ஸ்ட்ராப்பில், அதாவது சிக்கிய வண்டியை இழுக்கும் பட்டையில்தான். இழுக்கும்போது நீண்டு, அந்த நீட்சியில் சேர்ந்த விசையால் சிக்கிய வண்டியைச் சுண்டி எடுப்பதுதான் ஸ்னாட்ச் ஸ்ட்ராப்பின் வேலை. நைலான் ஸ்ட்ராப் சுமார் 20 சதவீதம் நீளும், பின்னிய கைனெட்டிக் கயிறு 30 சதவீதம் வரை. இரண்டு வண்டிகளில் எது இலேசோ அதன் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு தாங்குதிறன் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பிக்கப்புக்காக வாங்கிய 11 டன் ஸ்ட்ராப்பை எடுத்து ஜிம்னியில் மாட்டினால் அது நீளவே நீளாது, இரும்புச் சங்கிலியில் கட்டி வெடுக்கென்று இழுத்த மாதிரி சட்டத்தில் அடி விழும். ஆகவே கலவைக் குழுவுக்கு இரண்டு அளவில் ஸ்ட்ராப் வேண்டும், அதுவும் எது எது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். வண்டியின் பின்னால் இருக்கும் டோ பால் என்ற குண்டில் மட்டும் யாரும் மாட்டிவிடக் கூடாது. அது டிரெய்லரை இழுக்க வந்தது, இப்படிச் சுண்டி இழுக்கும்போது உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும், அப்படிப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சட்டத்தில் போல்ட் போட்ட, இதற்கென்றே உள்ள கொக்கி எல்லா வண்டியிலும் முன்னும் பின்னும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே குனிந்து பார்த்துவிட வேண்டும். லாக்கருக்கும் பெரிய டயருக்கும் செலவழிக்கிறவர்கள் பின்பக்கக் கொக்கியை மறந்துவிடுவது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

வின்ச்சா, ஸ்ட்ராப்பா என்ற விவாதத்தில் நான் வின்ச் பக்கம்தான், ஆனால் எல்லா வண்டிக்கும் வேண்டாம். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும், அதாவது மூன்று டன் பிக்கப்புக்கு நாலரை டன். அந்த எண்கூட டிரம்மில் அடியடுக்குக் கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போதுதான் உண்மை, மேலே கயிறு அடுக்கடுக்காக இருக்க இருக்க இழுவை குறையும். ஒரு கப்பியைப் போட்டு மடக்கினால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். தன் மூக்கில் வின்ச் வைத்திருப்பவர் பொதுவாக முன்பக்கமாகத்தான் தன்னை இழுத்துக்கொள்ள முடியும், ஆனால் சேற்றில் மாட்டிய வண்டிக்கு நல்ல வழி பெரும்பாலும் வந்த வழிதான். பின்னால் நிற்கும் நண்பரிடம் வின்ச் இருந்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அதனால் ஐந்து வண்டிக்கு இரண்டு வின்ச் போதும், ஒன்று முன்னால், ஒன்று கடைசியில். இழுக்கிற வண்டி இலேசாக இருந்தால் அதை இன்னொரு வண்டியோடோ மரத்தோடோ பின்னால் கட்டிவிட்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கியது நிற்கும் இடத்திலேயே நிற்க, இழுக்கப் போனது சறுக்கிக்கொண்டு அதனிடம் போய்ச் சேரும்.

மணலுக்கு இரண்டையும்விட ரெகவரி போர்டுதான் மேல். டயருக்கு முன்னால் மண்ணை வாரிவிட்டு, பலகையைச் செருகி, மெதுவாக ஏற்ற வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பலகையின் பற்கள் உருகிப்போகும், அவ்வளவுதான் தெரிய வேண்டியது.

லாக்கரா, டிராக்‌ஷன் கண்ட்ரோலா என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசலாம், குழுவுக்குத் தேவையானது கொஞ்சம்தான். டிராக்‌ஷன் கண்ட்ரோல், சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மறுசக்கரத்துக்கு விசையை அனுப்புகிறது. ஆகவே சக்கரம் முதலில் சுழன்றே ஆக வேண்டும், அந்தச் சுழற்சி பாதையைத் தோண்டும், பின்னால் வருகிறவருக்கு மேடு இன்னும் கடினமாகும். லாக்கர் போட்டால் சுழலுவதற்கு முன்பே இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கும். முதலில் ஏறுகிறவரிடம் லாக்கர் இருந்தால் கடைசியில் வருகிறவருக்கு நல்ல பாதை மிஞ்சும். ஆனால் பக்கவாட்டுச் சரிவில், ஈரத்தில், பின் லாக்கர் போட்ட வண்டியின் பின்பக்கம் கீழ்நோக்கி வழுக்கும், அங்கே அணைத்துவிடுவதுதான் நல்லது. காற்றில் இயங்கும் லாக்கர் என்றால் கூடவே கம்ப்ரசரும் வருகிறது, அதைக் கொண்டே எல்லார் டயருக்கும் காற்று அடிக்கலாம். எனக்கு அதுதான் பெரிய கவர்ச்சி.

டயரில் ஏடியா (எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன்) எம்டியா (சேற்றுக்கான மட் டெரெய்ன்)? சேறு நிச்சயம் உண்டென்றால் எம்டி, மற்றதற்கெல்லாம் ஏடி. எதைப் போட்டாலும் காற்றைக் குறைக்காமல் போனால் பயனில்லை. சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் மணலில் 15 முதல் 18 வரை இறக்குவார்கள். இதில் குழு முழுக்க ஒரே முடிவு எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் மட்டும் சோம்பேறித்தனமாக 32இலேயே வந்தால் அன்று முழுக்க அவரைத்தான் இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக வரிசை. பலமான வண்டி முன்னால் போவதா, பலவீனமானதா? நான் இரண்டையும் ஏற்க மாட்டேன். வழி தெரிந்தவர், நடுத்தரமான வண்டியோடு முன்னால் போவதுதான் சரி, அவரால் ஏற முடியாத இடத்தை யாரும் முயல வேண்டாம். ஜிம்னி இரண்டாவதாக வரட்டும், தடம் ஆழமாவதற்குள் போய்விடும். ராங்ளர் நடுவில். பிக்கப் கடைசியில், வின்ச்சோடும் சாமான்களோடும். திருப்பம் வரும் இடத்தில் ஒவ்வொருவரும் பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை நின்றுவிட்டுப் போனால் யாரும் தொலைய மாட்டார்கள். கஷ்டமான ஏற்றத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான், அடுத்தவர் கீழேயே நிற்க வேண்டும். பேசிக்கொள்ள ஃபோன் உதவாது, காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அந்தந்த நாட்டில் அனுமதி உள்ள கையடக்க ரேடியோ வண்டிக்கு ஒன்று வேண்டும், எல்லாரும் ஒரே சேனலில்.

எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஏற்றத்துக்கு வண்டிக்குப் பத்து நிமிடம் என்றால் நாலு வண்டிக்கு நாற்பது நிமிடம், பத்து வண்டிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், அப்படி நாலு ஏற்றம் வந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆறுக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு மணி நேரம் விட்டு அனுப்புங்கள். இரண்டிலும் ஒரு வின்ச்சும், ஒரு கம்ப்ரசரும், இரண்டு அளவு ஸ்ட்ராப்பும் இருக்க வேண்டும்.