செனட்டரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த காலம்: தேடிப் படிக்க மூன்று இலவசச் சேவைகள்

செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்த 17-வது அரசியலமைப்புத் திருத்தம் 1913-ல் வரும்வரை அமெரிக்க செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றங்கள்தான். அதைப் பற்றி இன்று கிடைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் "லஞ்சம், இழுபறி" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட தேர்தல் எந்த நாளில் தொடங்கியது, எத்தனை சுற்று போனது, யார் யாருக்கு வாக்களித்தார் என்று தெரிய வேண்டுமானால் மூலத்துக்கே போக வேண்டும். அதற்கு மூன்று இடங்கள் உண்டு: செனட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் இருக்கும் வரலாற்றுப் பகுதி, காங்கிரஸ் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பான 'பயோகைட்', லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பழைய செய்தித்தாள் தொகுப்பான 'க்ரோனிக்ளிங் அமெரிக்கா'. மூன்றுக்கும் காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. ஆனால் எதையும் தனியாக நம்பி இறங்கினால் பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கும்.

பயோகைட்டிலிருந்து தொடங்குவது நல்லது. பெயரைப் போட்டால் ஒரு பத்திக் குறிப்பு வரும். பதவிக்காலம், கட்சி, இடையில் ராஜினாமா, இடம் காலியாக இருந்த காலம் எல்லாம் நம்பகமாக இருக்கும். ஆனால் சட்டமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்த தேதி பல குறிப்புகளில் இருக்காது. "மார்ச் 4 முதல்" என்றுதான் இருக்கும். அந்தக் காலத்தில் செனட் பதவிக்காலம் மார்ச் 4-ல் தொடங்கியது. வாக்கெடுப்பு நடந்தது அதற்கு வெகு முன்னால். அந்தத் தேதியை நாமே கணக்குப் போட்டுப் பிடிக்க வேண்டும்.

கணக்குக்கு அடிப்படை 1866 ஜூலை 25 சட்டம். அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டங்களின் தொகுப்பான 'ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ்' தொகுதி 14, பக்கம் 243-ல் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும், படிக்காமல் விடாதீர்கள். சாரம் இது. புதிய சட்டமன்றம் கூடி, அவைத்தலைவர் முதலானோரைத் தேர்ந்தெடுத்து அமைந்தபின் வரும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இரு அவைகளும் தனித்தனியாக வாக்கெடுக்க வேண்டும். சீட்டுப் போடுவது கிடையாது. பெயர் கூப்பிடும்போது உறுப்பினர் தன் தேர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் நண்பகல் 12 மணிக்கு இரு அவைகளும் சேர்ந்து அமரும். முந்தைய நாள் குறிப்புகள் வாசிக்கப்படும். இரண்டு அவைகளிலும் ஒரே ஆளுக்குப் பெரும்பான்மை இருந்தால் அவரே செனட்டர். இல்லையென்றால் கூட்டு அமர்விலேயே வாக்கெடுப்பு. இரு அவைகளுக்கும் தேர்வான மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வந்து வாக்களிக்க வேண்டும், விழுந்த வாக்கில் பெரும்பான்மை ஒருவருக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கூட்டத்தொடர் முடியும்வரை தினமும் நண்பகலில் கூடி, நாளுக்கு ஒரு வாக்கெடுப்பாவது நடத்த வேண்டும்.

இழுபறிக்கு வேர் இந்தக் கடைசி விதிதான். நம் மாநிலங்களவைத் தேர்தலும் எம்எல்ஏக்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரே சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவதால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அமெரிக்கச் சட்டம் கடைசி இடத்தில் நிற்பவரை நீக்கவில்லை, இரண்டாவது விருப்பமும் கேட்கவில்லை. பெரும்பான்மைக் கட்சியில் ஐந்தாறு பேர் முறுக்கிக்கொண்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். 1891-க்கும் 1905-க்கும் இடையில் 20 மாநிலங்களில் 40-க்கு மேற்பட்ட தேர்தல்கள் இப்படிச் சிக்கின.

சரி, கணக்கு. டெலவேர் சட்டமன்றம் அப்போது ஒற்றைப்படை ஆண்டில் ஜனவரி முதல் செவ்வாயன்று கூடும். 1895-ல் அது ஜனவரி 1. அதன் பின் வரும் இரண்டாவது செவ்வாய் ஜனவரி 15. மறுநாள் 16-ம் தேதியிலிருந்து கூட்டு அமர்வுச் செய்தியைத் தேட வேண்டும். பதவிக்காலம் மார்ச்சில் தொடங்கும் ஆண்டின் ஜனவரியைப் பார்ப்பதுதான் பொது வழி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பதவிக்காலம் முடிவதற்கு முன் கடைசியாகத் தேர்வான சட்டமன்றம் எதுவோ அதுதான் செனட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒஹையோவில் அது இரட்டைப்படை ஆண்டு ஜனவரியில் கூடியது. அதனால் 1881 மார்ச்சில் தொடங்கும் பதவிக்கு ஜேம்ஸ் கார்ஃபீல்டை அவர்கள் 1880 ஜனவரியிலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் ஜனாதிபதியாகத் தேர்வானதால் அந்த இடத்தில் உட்காரவே இல்லை. 1881 ஜனவரியில் ஜான் ஷெர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலத்தை மட்டும் வைத்துத் தேடுபவர் கையில் ஷெர்மன்தான் அகப்படுவார்.

நடுவில் ராஜினாமா வந்தால் கணக்கு வேறு. சட்டமன்றம் கூடியிருக்கும்போது இடம் காலியானால், தகவல் கிடைத்தபின் வரும் இரண்டாவது செவ்வாய். நியூயார்க்கின் ராஸ்கோ கான்க்ளிங்கும் தாமஸ் பிளாட்டும் ராஜினாமா செய்தது 1881 மே 16. மாநிலத் தலைநகர் ஆல்பனியில் வாக்கெடுப்பு தொடங்கியது மே 31, செவ்வாய். முடிந்ததோ ஜூலை பிற்பாதியில்.

1866-க்கு முந்தைய தேர்தல்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் தேதியும் முறையும் வைத்துக்கொண்டிருந்தது. சில இடங்களில் கூட்டு வாக்கு, சில இடங்களில் இரு அவையும் தனித்தனியே ஒரே ஆளை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லினாய் செனட் இடத்துக்குப் போட்டியிட்ட லிங்கனும் டக்ளஸும் ஊர் ஊராக வாதாடியது 1858-ல். இல்லினாய் சட்டமன்றம் 54-க்கு 46 என்று டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது 1859 ஜனவரி 5-ல். இப்படிப்பட்ட பிரபலமான தேர்தல்களின் தேதி எங்கும் கிடைக்கும். மற்றவற்றுக்குச் செய்தித்தாளைப் புரட்டுவதைத் தவிர வழியில்லை.

இனி செனட் தளம். சர்ச்சைக்குள்ளாகி வாஷிங்டன்வரை போன தேர்தல்களுக்கு இதைவிடத் தெளிவான சுருக்கம் வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு வழக்கும் ஒரே அமைப்பில் இருக்கும்: பிரச்சினை என்ன, தேதி வரிசை, பின்னணி, வழக்கின் விவரம், செனட் என்ன செய்தது, முடிவு. டெலவேரின் ஹென்றி டுபாண்ட் வழக்கை எடுத்துப் படியுங்கள். சட்டத்தின் ஓட்டை முழுக்க அதில் தெரியும். 1895-ல் அங்கே மொத்தம் 30 உறுப்பினர்கள். எரிவாயுத் தொழிலதிபர் எட்வர்ட் அடிக்ஸ் பக்கம் நின்ற சில குடியரசுக் கட்சியினர் அசைந்து கொடுக்கவில்லை. 114 நாளில் 217 வாக்கெடுப்பு. இடையில் ஆளுநர் இறந்தார். மேலவைத் தலைவர் வில்லியம் வாட்சன் ஆளுநர் பொறுப்புக்கு வந்தார். கடைசி நாளில் அவர் மீண்டும் மேலவைக்கு வந்து வாக்களித்தார். டுபாண்டுக்கு விழுந்தது 15. வாட்சனின் வாக்கு செல்லாது என்றால் 29-ல் 15, அதாவது வெற்றி. செல்லும் என்றால் 30-ல் 15, தோல்வி. செனட் 1896 மே மாதத்தில் 31-க்கு 30 என்ற கணக்கில் டுபாண்டை ஏற்க மறுத்தது. அந்த இடம் 1897 ஜனவரிவரை காலி. பின்னர் 1901 மார்ச் முதல் 1903 மார்ச் வரை டெலவேருக்கு இரண்டு செனட்டர்களுமே இல்லை. காரணம் அதே அடிக்ஸ் கோஷ்டிச் சண்டை.

நியூ ஜெர்சியின் ஜான் ஸ்டாக்டன் வழக்கும் அங்கே இருக்கிறது. 1865-ல் கூட்டு அமர்வு பெரும்பான்மை விதியைத் தளர்த்தி, அதிக வாக்கு வாங்கினாலே போதும் என்று மாற்றிக்கொண்டு 81-ல் 40 வாக்குக்கு அவரை அனுப்பியது. செனட்டில் தன் இடத்தைக் காப்பாற்ற ஸ்டாக்டன் தனக்கே வாக்களித்துக்கொண்டார்! சில நாளில் அந்த முடிவு திருப்பப்பட்டு, 1866 மார்ச்சில் வெளியேறினார். நான்கு மாதத்தில் ஜூலைச் சட்டம் வந்தது. ஆக, சட்டம் படிப்பதற்கு முன் இந்தப் பக்கத்தைப் படித்தால் பெரும்பான்மை என்பதை அதில் ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரியும்.

செனட் தளத்தின் குறை, வாஷிங்டன் வாசலுக்கு வந்தவற்றைத்தான் அது காட்டும். சத்தமில்லாமல் முடிந்த நூற்றுக்கணக்கான தேர்தல்கள் அதில் இல்லை. தவிர, உண்மையான முடிவு பல சமயம் சட்டமன்றத்தில் எடுக்கப்படவே இல்லை. பெரும்பான்மைக் கட்சி முந்தின வாரமே தனியாகக் கூடி ('காக்கஸ்') வேட்பாளரை முடிவு செய்துவிடும். அங்கே தோற்றவர் கட்டுப்பட்டாரா, கூட்டத்துக்கே வராமல் நழுவினாரா என்பதில்தான் விஷயம். அதைப் பதிவு செய்தது செய்தித்தாள்கள்.

க்ரோனிக்ளிங் அமெரிக்காவின் பரப்பு பிரமாண்டமானது, தேடல் வசதி சுமார்தான். பக்கங்களை இயந்திரம் படித்து எழுத்தாக்கியிருப்பதால், மங்கலான அச்சில் 'ஐ' எழுத்தை 'எல்' என்று எடுத்துக்கொள்ளும். வரி முடிவில் உடைந்த பெயர் இரண்டு துண்டாகிவிடும். உறுப்பினர் பெயரும் வாக்கும் கொண்ட பட்டியல்கள் பக்கத்துப் பத்தியோடு கலந்துவிடும். வேட்பாளர் பெயரைத் தேடி "ஒன்றுமில்லை" என்று வந்தால் நம்பாதீர்கள். மாநிலத்தையும் தேதியையும் வடிகட்டியில் கட்டிவிட்டு, கணக்கிட்ட புதன்கிழமைக்கு அடுத்த நாள் இதழை எடுத்து முதல் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். சொல் போட்டுத்தான் தேட வேண்டுமென்றால் பெயரைவிட 'ஜாயின்ட் பாலட்' (கூட்டு வாக்கெடுப்பு), 'ஜாயின்ட் அசெம்ப்ளி' (கூட்டு அமர்வு), 'காக்கஸ்' போன்ற சொற்கள் மேல். பட்டியலுக்கு எழுத்து வடிவத்தை நம்பாமல் பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். கைபேசியில் இது தலைவலி. கணினியில் பிடிஎஃப் இறக்கிக்கொள்வது உத்தமம்.

எந்தத் தாள் யாருடையது என்பதும் முக்கியம். மொன்டானாவில் தாமிர முதலாளி வில்லியம் கிளார்க் 1899-ல் தேர்வான கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 10-ல் ஃப்ரெட் வைட்சைட் என்ற மாநில மேலவை உறுப்பினர், கிளார்க் ஆட்கள் கொடுத்ததாகச் சொல்லி 30,000 டாலரைச் சட்டமன்றத்தின் முன் வைத்தார். 'அனகோண்டா ஸ்டாண்டர்ட்' கிளார்க்கின் எதிரி மார்கஸ் டேலியின் தாள். 'பியூட் மைனர்' கிளார்க்கின் சொந்தத் தாள். ஒன்றை மட்டும் படித்தால் ஒருவர் கட்சிக்காரராகவே ஆகிவிடுவோம். எண்ணிக்கைக்கு இரண்டையும் ஒப்பிடுங்கள். குற்றச்சாட்டுக்குச் செனட் தளத்தின் வழக்குப் பக்கத்துக்குத் திரும்புங்கள். கிளார்க் 1900 மே மாதம் ராஜினாமா செய்ததும், ஆளுநர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து துணை ஆளுநர் அவரையே மறுபடி நியமித்ததும் அங்கே தேதியோடு இருக்கிறது.

மூன்றிலும் கிடைக்காதது மாநிலச் சட்டமன்றங்களின் அவைக் குறிப்பேடுகள். உறுப்பினர்வாரி வாக்குக்கு அவைதான் கடைசிச் சான்று. சில மாநிலங்களின் தொகுதிகள் ஹாத்திடிரஸ்ட் என்ற இணைய நூலகத்தில் படமாகக் கிடைக்கின்றன. இந்த மூன்று சேவைகளும் அதற்கு இணைப்பாவது கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது செவ்வாய்க் கணக்கு சரியாக இருந்தும் செய்தித்தாளில் வாக்கெடுப்பே அகப்படாத நேரமும் உண்டு. ஓரகானில் 1897-ல் செனட்டர் ஜான் மிட்சல் மறுபடி தேர்வாகிவிடக் கூடாது என்று கீழவையையே அமைய விடாமல் கூட்டத்தொடர் முழுவதும் தடுத்துவிட்டார்கள். அவை அமைந்தால்தான் சட்டம் சொல்லும் செவ்வாய் வரும். 'மார்னிங் ஓரகோனியன்' இதழ்களை ஜனவரியிலிருந்து வரிசையாகப் புரட்டுங்கள். பிறகு செனட் தளத்தில் ஹென்றி கார்பெட் பக்கத்துக்குப் போங்கள். ஆளுநர் நியமித்து அனுப்பிய அவரை 1898 பிப்ரவரியில் செனட் திருப்பி அனுப்பியது. சட்டமன்றத்துக்கு வாய்ப்பிருந்தும் தேர்ந்தெடுக்காமல் விட்ட இடத்தை ஆளுநர் நிரப்ப முடியாது என்பது காரணம்.