வெறும் சிஎஸ்எஸ் அனிமேஷனோடு ஆறு வருடம்

இணையப் பக்க அசைவுகளுக்கு லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம், பிரவுசர் தரும் சிஎஸ்எஸ்ஸை (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று 2019-இல் முடிவெடுத்தேன். பட்டன் நிறம் மாறுவது, அட்டை லேசாக மேலெழுவது போன்றவற்றுக்கு இன்றும் அது போதும். நிறம், டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, சுழற்றுவது, அளவு மாற்றுவது), ஒபாசிட்டி (மங்குவது, தெளிவது) மூன்றையும் தாண்டாதவரை எங்கும் அடி வாங்கியதில்லை.

தாண்டினால்தான் தலைவலி. கேள்வியைத் தொட்டால் பதில் விரியும் அக்கார்டியனையே பாருங்கள். உயரம் பூஜ்யத்திலிருந்து 'ஆட்டோ'வுக்கு, அதாவது பதிலின் அளவுக்கேற்ற உயரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டிரான்சிஷனுக்கு (ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறுவது) இரண்டு முனையிலும் எண் வேண்டும். ஆட்டோ எண் இல்லையே! குத்துமதிப்பாக மேக்ஸ்-ஹைட் (அதிகபட்ச உயரம்) 1000 பிக்சல் என்று போட்டேன். பதிலின் உயரம் 100 பிக்சல்தான் என்றால் திறக்கும்போது படக்கென்று விரிந்துவிடும். மூடும்போது, கண்ணுக்குத் தெரியாத 900 பிக்சல் சுருங்கி முடியும்வரை ஒன்றுமே நடக்காது. வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி தொடுவார்கள், அது திரும்பத் திறந்துகொள்ளும். அப்புறம் கிரிட் (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) வரிசையின் உயரத்தை 0எஃப்ஆரிலிருந்து 1எஃப்ஆருக்கு (எஃப்ஆர் என்பது இடத்தில் ஒரு பங்கு) நகர்த்தும் வித்தை கிடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் இதை 2019-லேயே செய்தது. குரோமுக்கு வர 2022 ஆகிவிட்டது. 2024-இல் குரோம் 129, ஆட்டோவுக்கே அசைவு தரும் 'இன்டர்பொலேட்-சைஸ்' என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்தது. அது இல்லாத பிரவுசரில் அசைவில்லாமல் திறக்கும், திறந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அசைவு வேண்டுமென்றால் ஒவ்வொரு கீஃப்ரேம் (அசைவின் கட்டங்களை எழுதும் விதி) அசைவுக்கும் டிலே (காத்திருக்கும் நேரம்) கணக்குத்தான். முதல் அசைவை 200 மில்லிசெகண்ட் நீட்டினால் மற்ற மூன்றையும் கையால் திருத்த வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அசைவை இயக்கும் வெப் அனிமேஷன்ஸ் ஏபிஐயில், ஒரு அசைவு முடிந்ததைச் சொல்லும் 'ஃபினிஷ்டு' பிராமிஸ் இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

நான் அசடு வழிந்தது எஸ்விஜியில் (கோடுகளாக எழுதப்படும் பட வடிவம்). மூன்று கோடு மெனு ஐகான் பெருக்கல் குறியாக மாற, பாத்தின் (அதில் வரையும் கோடு) உருவத்தைச் சொல்லும் 'டி' மதிப்பை சிஎஸ்எஸ்ஸிலேயே மாற்றினேன். "குரோமில்தான் பார்க்கிறேன், உருவம் மாறவே இல்லை" என்றார் வாடிக்கையாளர். என் குரோமில் அருமையாக மாறியது. அரை நாள் தேடிய பிறகுதான் அவர் கையில் இருப்பது ஐபோன் என்று உறைத்தது. அங்கே குரோம் என்பது பெயருக்குத்தான், உள்ளே ஓடுவது சஃபாரியின் என்ஜினான வெப்கிட். அதற்கு அப்போது சிஎஸ்எஸ்ஸில் 'டி' தெரியாது. கடைசியில் கைகொடுத்தது, எஸ்விஜிக்குள்ளேயே அசைவை எழுதும் பழைய ஸ்மில். 2015-இல் குரோம் குழு கைவிடப்போவதாக அறிவித்து, பிறகு மனம் மாறி விட்டுவைத்ததே, அதேதான்.

இப்போது அசைவுகள் மூன்றைத் தாண்டினால் ஜிஎஸ்ஏபி என்ற அனிமேஷன் லைப்ரரியை எடுத்துவிடுகிறேன். 2025 ஏப்ரலிலிருந்து அது முழுக்க இலவசம் வேறு.