155 கிராம் கல், 50 கிலோமீட்டர் ஆழம்: நாசாவின் நிலவுக்கல் தொகுப்பு

கல்லூரியில் பாறையியல் பாடம் நடத்துகிறேன். நிலவைப் பற்றிய பாடம் வந்தால் எனக்குக் கைகொடுப்பது நாசாவின் ‘லூனார் சாம்பிள் காம்பெண்டியம்’தான். சார்லஸ் மேயர் தொகுத்தது. கல்லுக்கு ஒரு பிடிஎஃப், காசு கிடையாது.

முதலில் 76535 என்ற கோப்பைத் திறங்கள். 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் நிலவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் மண்ணை வாரியபோது சிக்கிய கல். எடை 155.5 கிராம், வயது 420 கோடி ஆண்டுக்கும் மேல். ட்ராக்டோலைட் என்ற பாறை வகை. அதில் முக்கியமாக இரண்டு கனிமங்கள்: பிளேஜியோகிளேஸ் 58 சதவீதம், ஆலிவின் 37 சதவீதம். அதன் தின் செக்ஷன் (மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்த கல் சீவல்) படங்களுக்கே ஐந்து நட்சத்திரம் தரலாம். ஆலிவினும் பிளேஜியோகிளேஸும் தொட்டுக்கொள்ளும் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பைராக்சீன், ஸ்பினல் என்ற வேறு இரண்டு கனிமங்கள் புழு நெளிந்ததுபோலப் பின்னிக் கிடக்கும். நிலவின் அடியாழத்தில், அழுத்தத்திலும் வெப்பத்திலும் நீண்டகாலம் கிடந்ததற்கான தடயம் அது.

எவ்வளவு ஆழம்? முன்பு 10 முதல் 30 கிலோமீட்டர் என்றார்கள். பிறகு வந்த கணக்கு 40 முதல் 50 என்கிறது. பிந்தையது சரியென்றால் நிலவின் மேலோட்டின் அடிவாரத்திலிருந்தே வந்த கல் இது. பழைய கணக்கு மாறிவிட்டதே என்று அழித்துவிடாமல் இரண்டையும் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதனால்தான் இந்தத் தொகுப்பை நம்புகிறேன். அவ்வளவு ஆழத்திலிருந்து வந்த கல்லில் விண்கல் மோதிய அதிர்ச்சியின் தழும்பு கிட்டத்தட்ட இல்லை. அது எப்படி மேலே வந்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தொகுப்பு ஆய்வாளர்களுக்காக எழுதியது, அதனால் முதலாமாண்டு மாணவர்கள் தனியாகப் படித்தால் திணறுவார்கள். கூட உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். நான் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அனார்த்தோசைட் (பெரும்பாலும் பிளேஜியோகிளேஸாலான பாறை) ஸ்லைடையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிடுவேன். நிலவு மண்ணைப் போன்ற செயற்கை மண்ணை இஸ்ரோ தயாரித்தது அந்தப் பாறையில்தான். நிலவுக்கல், சித்தம்பூண்டிக்கல் இரண்டிலும் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ், அதே கறுப்பு வெள்ளைப் பட்டைகள். ஆனால் நம்முடையதில் ஹார்ன்பிளெண்டு என்ற கனிமம் பச்சையாக நிற்கும். அது உருவாகத் தண்ணீர் வேண்டும். “மேடம், நிலவுக்கல்லில் பச்சையே காணோமே?” என்று யாராவது கேட்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.

பிரிண்ட் எடுப்பதானால் தின் செக்ஷன் பக்கங்களை மட்டுமாவது கலரில் எடுங்கள்.