பறக்கும் பறவைக்கு முழு மேனுவலா, ஆட்டோ ஐஎஸ்ஓவா?

பறவை பறக்கும்போது ஷட்டர் வேகத்தில் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) சமரசத்துக்கு இடமில்லை. நிதானமாகச் சிறகடிக்கும் கொக்குக்கு 1/1000 விநாடி போதும். வேகமாகப் பறக்கும் சின்னத் தகைவிலானுக்கு (ஸ்வாலோ) 1/3200 கூடச் சில சமயம் பற்றாது. வெளிச்சம் மங்கினால் அப்பர்ச்சரையும் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுக்கத் திறந்துவிடுகிறோம். மிச்சம் இருப்பது ஐஎஸ்ஓ, அதாவது கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு பிரகாசமாக்குகிறது என்ற அளவு. அதை நாமே பூட்டி வைப்பதா (முழு மேனுவல்), கேமராவின் கையில் விடுவதா (மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ)? அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் முறை) எடுப்பவர்களும் உண்டு. ஆனால் குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லி வைக்காவிட்டால், இருட்டியதும் அது சத்தமில்லாமல் 1/250க்கு இறங்கிச் சிறகைக் கலங்கடித்துவிடும். அதை விட்டுவிடுவோம்.

எது மாறுகிறது, வெளிச்சமா, பின்னணியா? இதைப் பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

வெயில் ஒரே சீராக அடிக்கிறது, வெள்ளைக் கொக்கு ஒன்று வானத்திலிருந்து இறங்கி அடர்ந்த மரங்களுக்கு முன்னால் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்கின் மேல் விழும் வெளிச்சம் துளியும் மாறவில்லை. ஆனால் வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் பார்ப்பது பெரும்பாலும் பின்னணியை. ஆட்டோ ஐஎஸ்ஓவில் விட்டால், வானத்தைக் கண்டு ஐஎஸ்ஓவைக் குறைக்கும், மரங்களைக் கண்டு ஏற்றும். ஏற்றும்போது இறகுகள் வெளுத்துப்போகும். முழுக்க வெளுத்த இடத்தில் விவரமே பதிந்திருக்காது, ரா கோப்பிலும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) மீட்க வழியில்லை. ஒரு சின்ன வட்டத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் உதவாதா? பறக்கும் பறவையை அந்தச் சின்ன வட்டத்துக்குள் நிறுத்துவதே பெரும்பாடு. நிறுத்தினாலும் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். இங்கே முழு மேனுவலுக்கு ஈடில்லை.

வானம் முழுக்க மேகம் மூடி, வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைந்தால் 800 இருந்த ஐஎஸ்ஓ 3200க்குப் போயாக வேண்டும். பருந்து தலைக்கு மேல் வரும் நேரத்தில் யார் கணக்குப் போடுவது? பின்னணி சாம்பல் வானம் மட்டும்தான் என்பதால், +1 முதல் +2 வரை எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் சொல்வதைவிடப் படத்தை இத்தனை ஸ்டாப் வெளிச்சமாக்கச் சொல்வது) கொடுத்துவிட்டு ஆட்டோ ஐஎஸ்ஓவை நம்பலாம். சில பழைய கேமராக்களில் மேனுவல் மோடில் இந்தக் காம்பன்சேஷன் வேலை செய்யாது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நாய்ஸுக்குப் (ஐஎஸ்ஓ ஏறும்போது படத்தில் தெரியும் புள்ளிகள்) பயந்து ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சவரம்பை 1600இல் நிறுத்துவதும் வேண்டாம். வரம்பைத் தொட்டபின் படம் இருண்டுகொண்டே போகும். நாய்ஸை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம், கலங்கிய சிறகைச் சரிசெய்ய முடியாது.

வெளிச்சம், பின்னணி இரண்டும் ஒருசேர மாறினால்? சிதறிய மேகம், நடுவே மரங்கள் என்றால் இரண்டு முறையுமே திணறும். அப்போது நான் முழு மேனுவலுக்கே போவேன். ஐஎஸ்ஓவைக் கட்டைவிரலுக்கு எட்டும் டயலில் வைத்து, வெயிலில் வெள்ளை இறகு வெளுக்காத அளவுக்கு அமைத்துக்கொள்வேன். நிழலுக்குள் போனால் ஓரிரு கிளிக் ஏற்றுவேன். ஏற்ற நேரமில்லாமல் படம் ஒரு ஸ்டாப் இருட்டாக வந்தாலும் ரா கோப்பில் தூக்கிக்கொள்ளலாம்.